எஞ்சினுக்குள் பேரிங் சத்தமா? சத்தத்தை வைத்துப் பழுதைப் பிடிக்கும் முறை

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ரெண்டு பைக் நிறுத்தும் அளவுக்கு ஒரு இடம் இருக்கிறது. அதுதான் என் பட்டறை. ஒரு மர மேஜை, அதில் ஒரு வைஸ், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பானர்கள், மூலையில் கிழிந்த லுங்கித் துணி ஒரு டின் நிறைய. பகலில் எனக்கு வேறு வேலை. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் இங்கே உட்காருவேன். ஒன்பது மணிக்கு மேல் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்பது மேல்வீட்டு கவுடருக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம்.

என்னிடம் வருபவை பெரும்பாலும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். யமஹா ஆர்எக்ஸ் 100, மைசூரில் செய்த யெஸ்டி. இரண்டின் தயாரிப்பும் 1996-ல் நின்றது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக இந்த ஊர்ப் பையன்கள் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பதால் எனக்கும் வேலை தீரவில்லை.

என் மச்சானின் ஆர்எக்ஸ் 100-க்கு ஒரே வருஷத்தில் மூன்று முறை கிராங்க் பேரிங் மாற்றியிருக்கிறேன். பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க், அதைத் தாங்கும் குண்டு வளையம் பேரிங். மூன்றும் என் கையால் போட்டவை. முதல் இரண்டும் ஏன் போயின என்று அந்தந்தச் சமயத்தில் நான் பார்க்கவில்லை. பேரிங் தானாகச் சாவது அபூர்வம், யாராவது கொன்றிருப்பார்கள். கொன்றவனைப் பிடிக்காமல் புதுசு போட்டால் அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி அதே மேஜை, அதே லுங்கித் துணி. கீழே சத்தம் வாரியாக எழுதியிருப்பதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பத்து நிமிஷம் ஓட்டிச் சூடேற்றி, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து முனையை எஞ்சினில் வையுங்கள். ஹெட், சிலிண்டரின் அடிப்பாகம், ஆர்எக்ஸில் இடது பக்க மேக்னட் கவர் (உள்ளே மின்சாரம் எடுக்கும் காந்தச் சக்கரம்), வலது பக்க கிளட்ச் கவர் என்று ஒவ்வொரு இடமாக. சத்தம் எங்கே தடித்துக் கேட்கிறதோ அதன் அருகில்தான் பழுது. காதணி, தொங்கும் சட்டை, நீள முடி மூன்றையும் செயின் பக்கம் போகவிடாதீர்கள்.

அடுத்தது கிளட்ச். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கிளட்ச் லீவரைப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் சத்தம் மாறினால் அது கிராங்க் பேரிங் இல்லை. கிளட்ச் பாஸ்கெட் ஆட்டமாக இருக்கலாம், கியர்பாக்ஸ் பேரிங்காக இருக்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல், கிராங்க்கை மூடியிருக்கும் கிராங்க் கேஸைப் பிளந்தவர்களை எனக்குத் தெரியும். நானே அவர்களில் ஒருவன்.

குளிர்ந்த எஞ்சினில் 'டக் டக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிட்டால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறது. அதற்கு சிலிண்டரைக் குடைந்து (போரிங்) சற்றுப் பெரிய, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், பேரிங்கைத் தொட வேண்டாம். மேட்டில் உயர்ந்த கியரில் திணறும்போது மட்டும் 'கிணிகிணி' என்று கேட்டால் அது தீப்பொறி டைமிங் அல்லது கார்பன் சமாச்சாரம். கியரைக் குறைத்ததும் நின்றுவிடும்.

வேகம் ஏற ஏற உறுமலும் ஏறுகிறது, ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வு

இது கிராங்க்கின் இரண்டு பக்கமும் தாங்கும் மெயின் பேரிங். கியரைப் பற்றிக் கவலைப்படாது, எஞ்சின் சுற்றோடு மட்டும் ஏறி இறங்கும். ரயில் தூரத்தில் வருவது போன்ற ஒரு முழக்கம். பையன்கள் சைலன்சர் சத்தம் என்று நினைத்து ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிவிடுவார்கள்.

மேக்னட் கவரைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். இந்தத் திசையில் ஆட்டமே கையில் தட்டக் கூடாது. தட்டினால் இடது மெயின் பேரிங் போய்விட்டது, மேலே யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளே வெளியே என்ற திசையில் மிக லேசான அசைவு இருந்தால் பயப்பட வேண்டாம். காயில் தட்டின் இரும்பு முனைகளில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் மேக்னட் அதில் உரசியிருக்கிறது. அவ்வளவு தூரம் கிராங்க் தொய்ந்திருக்கிறது.

வலது பக்கத்தைப் பார்க்க கிளட்ச் கவரைத் திறந்து பிரைமரி கியரைப் பிடித்து அதே மாதிரி அசைக்க வேண்டும். ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். எஞ்சினைப் பிளப்பது பெரிய வேலை. இரண்டாவது பேரிங்கின் விலையை மிச்சம் பிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போதும் விடும்போதும் 'டொக் டொக்'

இது பிக் எண்டு. கனெக்டிங் ராடின் அடிப்பாகத்தில் கிராங்க் பின்னைச் சுற்றி உருளும் ரோலர் பேரிங். சத்தம் கனமாக, ஆழத்தில், கதவைக் கணுவால் தட்டுவது போல இருக்கும். சீரான வேகத்தில் போகும்போது குறையும். பாரம் ஏறும்போதும் திராட்டிலை டக்கென்று விடும்போதும் கூடும்.

உறுதி செய்ய ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்ற வேண்டும். கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்லிப் ஒன்று உள்ளே விழுந்தால் அந்த ராத்திரி போச்சு. பிஸ்டனைக் கழற்றி, ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் நகராமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ராடை நேர் மேலே இழுத்து நேர் கீழே தள்ளுங்கள். சிறு 'டிக்' கூட உணரக் கூடாது. விரலில் எண்ணெய் வழுக்கினால் துடைத்துவிட்டு மறுபடி.

இங்கே எல்லோரும் தப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு. ராடின் மேல்முனையை இடமும் வலமுமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு "அண்ணா, இவ்ளோ ஆடுதே, கிராங்க் போச்சு" என்பார்கள். அந்தச் சாய்வு இருந்தே ஆக வேண்டும். பக்கவாட்டு இடைவெளி இல்லாமல் ரோலருக்கு எண்ணெய் எப்படிப் போகும்? இந்த ரகச் சின்ன எஞ்சின்களில் ராடுக்கும் கிராங்க் தட்டுக்கும் நடுவே பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்து, 0.2 முதல் 0.7 மி.மீ. வரை இருந்தால் நான் விட்டுவிடுவேன். மேலும் கீழுமான ஆட்டம்தான் குற்றவாளி.

பிக் எண்டு போயிருந்தால் வீட்டில் முடிக்க முடியாது. இந்த கிராங்க் இரண்டு தட்டு, நடுவில் ஒரு பின் என்று அழுத்திச் சேர்த்த கிராங்க். பின்னைக் கழற்றவும் ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், பிறகு நேர் பார்க்க வேண்டும். ராட் கிட் (ராட், பின், ரோலர் சேர்ந்த செட்) வாங்கிக்கொண்டு கிராங்க் வேலை செய்யும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வைஸில் வைத்துச் சம்மட்டியால் பின்னை அடித்து இறக்கும் ஒரு வித்தையும் உண்டு. பார்த்திருக்கிறேன், செய்யமாட்டேன்.

மெலிசாக, வேகமாக, சில்லறை குலுங்குகிற மாதிரி

ராடின் மேல்முனை, அதாவது ஸ்மால் எண்டு. ஹெட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் தெளிவாகக் கேட்கும். பிஸ்டன் பின்னை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரோலர் ஓடிய இடத்தில் நகத்தால் வருடினால் படி மாதிரி தட்டினால் பின், ரோலர் கூடு இரண்டையும் மாற்றுங்கள். கேஸைப் பிளக்க வேண்டாத ஒரே பேரிங் வேலை இதுதான். ஒரு மாலைக்குள் முடியும். ராடின் துளையே தேய்ந்திருந்தால் மட்டும் ராட் கிட் போட வேண்டிவரும்.

சத்தம் பெரிசாக இல்லை, ஆனால் ஐடிலிங் இறங்கவில்லை, அல்லது புகை

பேரிங் தேய்ந்தால் கிராங்க் ஷாஃப்ட் தன் நடுவை விட்டு ஆடும். அந்த ஆட்டத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். டூ-ஸ்ட்ரோக்கில் இந்தச் சீல் கசிந்தால் எஞ்சின் சும்மா இருக்காது.

இடது சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவை வறண்டு, திராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் 'வீ...' என்று மேலேயே நின்று மெதுவாக இறங்கும். கார்புரேட்டரை எத்தனை தடவை டியூன் செய்தாலும் பிடிபடாது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும் (சீஸ் ஆகும்). வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் எண்ணெய்) வாசனை இல்லாமல் வேறு ஒரு கருகல் நாற்றம், கியர் ஆயில் வெளியே ஒழுகாமலே அளவு குறையும்.

மச்சான் வண்டியில் இரண்டாவது தடவை இதுதான் நடந்தது. புகை வந்தது. கேஸைப் பிளக்காமல், சீலை மட்டும் நோண்டி எடுத்துப் புதுசு அடித்தேன். மூன்று வாரத்தில் அதே புகை. சீல் கெட்டதற்குக் காரணம் பக்கத்து பேரிங் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சீல் மாற்றும் முன் மேக்னட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை அன்றிலிருந்து விடுவதில்லை.

மாதக்கணக்கில் நின்ற வண்டி, கிக் அடித்தால் 'கரகர'

ஊருக்குப் போனவர்களின் வண்டி. கிராங்க் கேஸுக்குள் தங்கிய ஈரம் பேரிங் குண்டுகள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே துரு பிடிக்கவைத்திருக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் அறிமுகமானது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான், எனவே நிற்கப்போகும் வண்டியில் பெட்ரோலை விட்டுவைப்பது நல்லதல்ல. டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து, பிளக் துளை வழியே இரண்டு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, கிக்கரைப் பத்துத் தடவை மெல்ல மிதித்து வைத்தால் போதும்.

ஏற்கெனவே கரகரத்தால்? எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்க்கலாம், சத்தம் குறையவும் குறையும். ஆனால் துரு தின்ற குழி குழிதான். அதன் மேல் குண்டு ஓட ஓட ஓரம் பெயர்ந்துகொண்டே போகும். மாற்றிவிடுங்கள்.

திறந்தாயிற்று: செத்த பேரிங்கைப் படிப்பது

பழைய பேரிங்கைக் குப்பையில் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, வெளிவளையத்தை கிரைண்டரில் வெட்டித் திறந்து, வழித்தடத்தைப் பாருங்கள். கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பேரிங் எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

வழித்தடம் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் வயசான சாவு. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், யாரையும் குறை சொல்ல வேண்டாம். நீலம், பழுப்பு என்று நிறம் மாறியிருந்தால் எண்ணெய் கிடைக்காமல் வெந்திருக்கிறது. ஆயில் பம்பின் குழாயில் காற்றுக்குமிழி நிற்கிறதா, பம்ப் கேபிள் குறிக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு டேங்க்கிலேயே ஆயில் கலப்பவர்கள் லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் ஐம்பதுக்கு ஒன்று, 40 மில்லி ஊற்றினால் இருபத்தைந்துக்கு ஒன்று. கண் அளவில் ஊற்றிவிட்டு "மிக்ஸ் பண்ணிட்டேன் மாமா" என்பது கணக்காகாது.

வழித்தடத்தில் சம இடைவெளியில், குண்டுக்கு ஒன்றாக, அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள் தெரிந்தால் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். மச்சான் வண்டியின் முதல் பேரிங்கில் இருந்தது இதுதான். ஏற்றியவன் நான். உள்வளையத்தில் குழாயை வைத்து அடித்தேன், அடியெல்லாம் குண்டு வழியாக வெளிவளையத்துக்குப் போயிருக்கிறது. 400 கிலோமீட்டரில் உறுமல்.

வெளிவளையத்தின் வெளிப்புறம் கண்ணாடி மாதிரி மின்னினால் பேரிங் கேஸுக்குள் வளையத்தோடு சுற்றியிருக்கிறது. கேஸின் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது கெட்ட செய்தி. சில பட்டறைகளில் துளையின் சுவரில் சென்டர் பஞ்ச்சால் குத்துக்குத்தாகக் குத்தி மேடாக்கி இறுக்குவார்கள். அந்த மேடுகள் அலுமினியம், நாலு நாளில் அமுங்கிவிடும். தேய்மானம் மிகச் சொற்பமாக இருந்தால் பேரிங் உட்காரவைக்கும் பசை வேலை செய்யும். புது பேரிங் கையாலேயே உள்ளே நழுவி விழுந்தால் லேத்தில் துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் அடிப்பதுதான் வழி.

இரண்டு பேரிங்கும் ஒரே பக்கமாகக் கோணலாகத் தேய்ந்திருந்தால் கிராங்க் நேராக இல்லை.

கிராங்க் நேர் பார்ப்பது

இரண்டாவது தடவை நான் தாண்டிப்போன படி இது. எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் ஒரு டயல் கேஜ் வாங்கினேன், கண்ணாடி விரிசல், ஊசி சரி. கிராங்க்கின் இரண்டு முனையையும் வி-பிளாக்கில் உட்காரவைத்து, டயலின் முனையை ஷாஃப்ட்டின் மேல் தொடவைத்து, கிராங்க்கை மெல்லச் சுற்றினால் ஊசி ஆடும். ஒரு சுற்றில் மொத்தம் 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் நான் ஏற்றமாட்டேன். மச்சான் கிராங்க் 0.09 காட்டியது. அத்தனை கோணலோடு நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுச் சுற்றினால் எந்தப் பேரிங் தாங்கும்?

நேராக்குவது எப்படி என்றால், கிராங்க்கின் தட்டுகளைப் பித்தளைச் சுத்தியலால் சரியான இடத்தில் ஒரே தட்டு, மறுபடி அளவு, மறுபடி ஒரு தட்டு. சொல்வதற்குச் சுலபம். எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பது கை பழகிய பிறகு வரும். நான் லேத் கடைக்குத்தான் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் நாலு தட்டில் ஊசியை 0.02-க்குள் கொண்டுவந்துவிட்டு, "குரு, இத சுத்தியால அடிச்சு ஏத்துனீங்கன்னா மறுபடி இங்கதான் வரணும்" என்றார். தலையாட்டினேன்.

பேரிங் வாங்கும்போது

ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய பேரிங்கின் வளையத்தில் பொறித்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உதாரணத்துக்கு 6304 என்றால் கடைசி இரண்டு இலக்கம் 04-ஐ ஐந்தால் பெருக்கினால் 20, அதுதான் உள்துளை மி.மீ. கணக்கில். வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்த ஐந்தால் பெருக்கும் கணக்கு 04 முதல்தான். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மி.மீ.

எண்ணுக்குப் பின்னால் 'சி3' இருக்க வேண்டும். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட ரகம் அது. 20 மி.மீ. துளையில் சாதாரண ரகத்துக்கு 5 முதல் 20 மைக்ரான், சி3-க்கு 13 முதல் 28 மைக்ரான். இறுக்கமாக ஏற்றி, சூட்டில் விரியும் இடத்தில் அந்தக் கூடுதல் இல்லையென்றால் குண்டு நசுங்கும். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சாதா ரகத்தை நீட்டினால் அடுத்த கடைக்கு நடங்கள். ரப்பர் மூடி, தகர மூடி போட்ட பேரிங்கும் கிராங்க்குக்கு ஆகாது. எண்ணெய் உள்ளே போக வழி இருக்காது.

போலி நிறைய புழங்குகிறது. டப்பா அழகாக இருப்பதில் ஒன்றுமில்லை. வளையத்தில் எழுத்து மெல்லியதாகச் சீராகப் பொறித்திருக்கிறதா, விரலால் அழிகிறதா, டப்பாவில் உள்ள எண்ணும் வளையத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

கழற்றுவதும் ஏற்றுவதும்

கேஸின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் வருஷக்கணக்கில் இறுகியிருக்கும். சாதா டிரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும், இம்பாக்ட் டிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள். மேக்னட்டுக்கு அதற்குரிய புல்லர். இரண்டு கேஸுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பவே கூடாது. ஒரு கீறல் போதும், காற்று கசிய.

பேரிங்கை அடித்து எடுக்காதீர்கள், சூட்டால் எடுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 52 மி.மீ. துளை உள்ள கேஸை 25 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை சுமார் 0.095 மி.மீ. பெரிதாகும். கூடவே சூடாகும் பழைய பேரிங் 0.05 வளர்ந்தாலும் மிச்ச இடைவெளி போதும், கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் லேசாகத் தட்டினால் 'டொப்' என்று விழும்.

எப்படிச் சூடாக்குவது? இண்டக்‌ஷன் அடுப்பு அலுமினியத்தைக் கண்டுகொள்ளாது. நான் ஒரு பழைய இரும்பு தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன் மேல் கேஸை வைப்பேன். அந்தக் கல் இனி சமையலறைக்குத் திரும்பாது என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேஸில் பெட்ரோல் வாசனைகூட இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுப்புப் பக்கம். ரப்பர் சீல்களை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கேஸ் வெல்டிங் சுடரை ஒரே இடத்தில் காட்டினால் கிராங்க் கேஸ் கோணிப்போகும்.

சூடு போதுமா என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சுர்' என்று பொங்கி ஆவியானால் நேரம் வந்துவிட்டது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே சொட்டு பொங்கிய பிறகும் இரண்டு நிமிஷம் பொறுப்பேன்.

புது பேரிங் முந்தின ராத்திரியே பாலிதீன் பையில் ஃப்ரீஸரில் தூங்கியிருக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் அது இன்னும் 0.027 மி.மீ. சுருங்கும். சூடான கேஸ், குளிர்ந்த பேரிங். கையுறையோடு எடுத்து நேராக வைத்தால் தானாக இறங்கும். பத்து விநாடிதான் அவகாசம். கோணலாகச் சிக்கினால் அடிக்காதீர்கள், மறுபடி சூடாக்குங்கள். கடைசியில் கொஞ்சம் தள்ள வேண்டிவந்தால் வெளிவளையத்தை மட்டும் தள்ளுங்கள். வெட்டித் திறந்த பழைய வெளிவளையத்தைச் சற்றுத் தேய்த்து வைத்துக்கொண்டால் அளவான கருவி.

பிறகு கிராங்க்கை உள்வளையத்துக்குள் ஏற்றும்போது திருகி இழுக்கும் கருவியால்தான் இழுக்க வேண்டும். சுத்தியல் போட்டால் தட்டுகள் நெருங்கி, அந்தப் பெரியவர் 0.02-க்குக் கொண்டுவந்த நேர் போய்விடும்.

நாலு சக்கரம் என்றால்

காரின் கதை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே கிராங்க்கில் குண்டு கிடையாது, ஷெல் என்ற மெல்லிய அரைவட்டத் தகடு. சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால், முதலில் ஆயில் அளவையும் அழுத்தத்தை உணரும் சென்சாரையும் பாருங்கள். கூடவே அடியிலிருந்து தட்டலும் கேட்டால் எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை, அதாவது சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான். சம்ப்பின் அடியில் செம்பு நிறப் பொடி மினுங்கினால் ஷெல் தின்றிருக்கிறது. ஷெல்லைப் பிடித்திருக்கும் மூடி (கேப்) ஒன்றைத் திறந்து, மெழுகு நூல் போன்ற பிளாஸ்டிகேஜை வைத்து, சொன்ன முறுக்கு அளவில் (டார்க்) இறுக்கி, திறந்து அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். சின்ன கார்களில் பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும். உங்கள் எஞ்சினின் புத்தகத்தில் உள்ள எண்தான் முடிவானது. கிராங்க்கில் நகம் தட்டும் கோடு விழுந்திருந்தால் ஷெல் மட்டும் மாற்றிப் பயனில்லை. கிராங்க்கை அரைத்து 0.25 அல்லது 0.50 குறைந்த அளவு ஷெல் போட வேண்டும். ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் வைப்பது, கேப்பை அரத்தால் தேய்ப்பது எல்லாம் வண்டியை விற்கும்வரை தாங்க வைப்பவர்களின் வேலை.

மூடிய பிறகு: அம்மாவின் பி.பி. மிஷின்

டூ-ஸ்ட்ரோக்கை மூடியதும் ஸ்டார்ட் செய்ய ஓடாதீர்கள். புது சீல், புது கேஸ்கெட் எல்லாம் காற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் டியூப் துண்டு, தகடு, போல்ட் போட்டு அடையுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அதன் இரும்பு உடலில் ஒரு குழாயை ஒட்டி, பிளக் துளையில் மாட்டுங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும். குழாயின் மறுமுனையில் பி.பி. பார்க்கும் பழைய மிஷினின் ரப்பர் குமிழும் கடிகாரமும். கைப்பட்டியை மட்டும் கழற்றிவிட்டால் போதும்.

மெல்ல அழுத்தி 300 வரை ஏற்றுங்கள். டயர் கணக்கில் அது ஆறு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே பிதுங்கும். ஊசி நிமிஷத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் கசிவு. மேக்னட் பக்க சீல், சிலிண்டர் அடி, கேஸ் இணையும் கோடு என்று ஒவ்வொரு இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். எங்கும் குமிழி இல்லாமல் ஊசி மட்டும் இறங்கினால் வலது சீல், கியர்பாக்ஸுக்குள் காற்று போகிறது. கியர் ஆயில் மூடியைத் திறந்து காது கொடுத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

மூன்றாவது தடவை மச்சான் வண்டியை மூடியபோது ஊசி 300-ல் நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து 280. மச்சான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எவ்ளோ மாமா, நார்மல்தானே?" என்றான். மேலே மாடியிலிருந்து அம்மா, "என் மிஷினை எண்ணெய்க் கையோட தொட்டியா?" என்று குரல் கொடுத்தாள். குமிழைத் துடைத்துவிட்டு, முதல் 500 கிலோமீட்டருக்கு அறுபதுக்கு மேல் போகாதே என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.